வக்காலத்தில் கையெழுத்து போடுமுன்: ஊருக்கு வழக்கோடு போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விவாகரத்து, பாகப்பிரிவினை என்று ஊருக்குப் போகிறவர்கள் மே மாதத்தில் டிக்கெட் போடாதீர்கள். சிவில் நீதிமன்றங்களுக்கு அது கோடை விடுமுறை. நான் மே மாதம்தான் தேவிபட்டினம் போனேன். ஆனால் என் லீவைத் தின்றது விடுமுறை இல்லை, மாமா பிடித்துக் கொடுத்த வக்கீல்.

என் தங்கை இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜீவனாம்சத்துக்கு மனு போடலாம் என்றதும் மாமா, "நம்ம வக்கீல் இருக்காரு. நீ பணத்த மட்டும் அனுப்பு மாப்ளே" என்றார். சிங்கப்பூரிலிருந்து மூன்று தவணை அனுப்பினேன். கேட்கும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்காங்க" என்று பதில் வந்தது. ஊரில் இறங்கி வழக்கு எண் கேட்டேன். "இன்னும் நம்பர் ஆகல." ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கே போய் விசாரித்தேன். மனுவே தாக்கல் ஆகவில்லை. 14 மாதம்.

இது வெறும் தாமதம் இல்லை. ஜீவனாம்சத்தை மனு போட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. மனு போடாத மாதங்களுக்கு யாரிடம் போய்க் கேட்பது? அத்தனையும் என் தங்கை பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு.

வக்கீலை மாற்றப் போகிறேன் என்றதும் மாமா வீட்டில் காலையில் தொடங்கிய பேச்சு விளக்கு வைக்கும்வரை ஓடியது. "நான் ஊருக்குள்ள எப்படித் தலைகாட்டுறது?" என்றார். அம்மா அழுதார். கடைசியில் மாமா, "ஒங்கப்பனுக்குக் கொள்ளி வைக்க நீ வந்தியா? நான்தானே நின்னேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு எங்கள் ஊர் நவபாஷாணத்துக் கடலில் நீச்சல் பழக்கியதும் இதே மாமாதான்.

அப்போதுதான் தங்கை வாயைத் திறந்தாள். "அண்ணே, அந்த வக்கீல நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல." வக்காலத்து என்பது நமக்காக வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். எதுவும் நிரப்பாத அந்தத் தாளை மாமாதான் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். பணம் அனுப்பிய நானும் ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை.

அதனால் சொல்கிறேன், வழக்குக்குச் சொந்தமான கட்சிக்காரர் உங்கள் தங்கை, நீங்கள் இல்லை. வக்கீல் முன்னால் அவள் உட்காரட்டும், அவளே பேசட்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். இது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, நகை ரசீது எல்லாம் பழைய வக்கீலிடம் வழக்குக் கட்டுக்குள் கிடந்தன. பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் தருவேன் என்றார். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதை எழுத்தில் கொடுத்த பிறகே கட்டு வந்தது. அசல் எதையும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

புது வக்கீலைப் பார்க்குமுன் ஒரு காலை முழுக்க நீதிமன்றத்தில் உட்காருங்கள். குடும்ப வழக்குகளில் யார் தானே எழுந்து பேசுகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்று தெரிந்துவிடும். ஃபீஸைக் கட்டம் கட்டமாகப் பேசி ரசீது வாங்குங்கள். கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள், பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. ஜீவனாம்சத்துக்கு 125 என்று எல்லோரும் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 144. இரண்டு தரப்பும் வருமானம், சொத்து பற்றிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும், கணவரின் சம்பளத்துக்குக் கையில் இருக்கும் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். வழக்கு உங்களுடையது என்றால், ஊரில் உங்களுக்காக ஒருவர் செயல்பட வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள்.

ஜூனில், நான் திரும்பிய பிறகு, தங்கை தனியாக பஸ் ஏறி ராமநாதபுரம் போய் மனுவில் கையெழுத்து போட்டாள். வழக்கின் நிலையை இணையத்தில் பார்க்க உதவும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாள். மாமாவுக்கும் அனுப்பியிருந்தாள்.