சட்டம் படிக்கப் போகிறீர்களா? பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்

கல்லூரி தேடுவதற்கு முன்பே, எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறோம் என்பதை ஓரளவாவது முடிவு செய்துவிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிடைத்த இடத்தில் சேர்ந்து படித்துவிட்டு, ஊர் திரும்பும்போதுதான் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று விசாரிக்கிறார்கள். ஒரே பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்தின் சட்டமுறை வேறு, இங்கிலாந்தின் சட்டமுறை வேறு.

அடுத்தது, பட்டம் வாங்கினாலே வழக்கறிஞர் ஆகிவிடலாம் என்ற நினைப்பு. இந்தியாவில் எல்எல்.பி. என்ற இளநிலைச் சட்டப் பட்டம் முடித்த பிறகு, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். இலங்கையில் பல்கலைக்கழகப் பட்டதாரியும் சட்டக் கல்லூரித் தேர்வுகளைத் தாண்டித்தான் சட்டத்தரணி ஆகிறார். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாக ஆலோசனை சொல்லி ஆவணங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர்) ஆக 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தனித் தேர்வு வந்துவிட்டது. அதோடு இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் கேட்கிறார்கள். பாரிஸ்டர் (முக்கியமாக நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆவதென்றால் அதற்கென்று ஒரு படிப்பு, பிறகு ஓராண்டுப் பயிற்சி. அந்தப் பயிற்சி இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வங்கிக் கடன் கணக்குப் போடுபவர்கள் கல்லூரிக் கட்டணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். சம்பளம் இல்லாமலோ சொற்பச் சம்பளத்திலோ கழியக்கூடிய இந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து எடை போடுவதும் ஆபத்து. ஆக்ஸ்ஃபோர்டில் இளநிலைச் சட்டப் படிப்பை முடித்தால் கிடைப்பது பி.ஏ. பட்டம்தான். எல்எல்.பி. என்று இல்லையே என்று யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. அங்கேயே பி.சி.எல். (பேச்சலர் ஆஃப் சிவில் லா) என்று இளநிலைப் பெயரோடு இருப்பது உண்மையில் முதுநிலைப் படிப்பு! இங்கிலாந்தில் பள்ளி முடித்ததும் மூன்றாண்டு எல்எல்.பி.யில் சேரலாம். அமெரிக்காவில் வேறொரு பட்டம் முடித்த பிறகே மூன்றாண்டு ஜே.டி. என்ற சட்டப் பட்டம். இந்தியாவில் இரண்டு வழியும் உண்டு: பள்ளி முடித்ததும் பி.ஏ. எல்எல்.பி. போன்ற ஐந்தாண்டுப் படிப்பு, இல்லையென்றால் பட்டம் முடித்து மூன்றாண்டு. பதினேழு வயதில் சட்டம்தான் என்று உறுதியாக இல்லாதவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் கருத்து. தொலைதூரக் கல்வியில் எல்எல்.பி. என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதை வைத்து இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

எல்எல்.எம். என்ற முதுநிலைச் சட்டப் பட்டம் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் ஓராண்டு எல்எல்.எம். படித்தால் அங்கேயே வழக்கறிஞர் ஆகிவிடலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. நியூயார்க் போன்ற சில இடங்களில் மட்டும், சில நிபந்தனைகளோடு, வெளிநாட்டில் சட்டம் படித்தவர் எல்எல்.எம். முடித்து பார் தேர்வு எழுத வழி உண்டு. படிப்பில் சேர்வதற்கு முன்பே அந்த நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

சேர்ந்த பிறகு செய்யும் தவறு மனப்பாடம். சட்டப் பிரிவுகளை ஒப்பிப்பவர்கள் தீர்ப்புகளைத் திறந்தே பார்ப்பதில்லை, கைடில் இருக்கும் நாலு வரிச் சுருக்கத்தோடு சரி. டோனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரக் கடை ஒன்றில் தோழி வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பியர் என்ற இஞ்சிக் குளிர்பானத்தை ஒரு பெண் குடிக்கிறார். மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை வந்து விழுந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது தோழி என்பதால் குடித்தவருக்கும் கடைக்காரருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. அதனால்தான் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டார். தயாரிப்பாளருக்கு நுகர்வோரிடம் கவனக் கடமை (தன் கவனக்குறைவால் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை) உண்டு என்று 1932இல், அப்போது இத்தகைய வழக்குகளுக்கு இறுதி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பாட்டிலில் நத்தை இருந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் முடிவு செய்யவே இல்லை. சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. சுருக்கம் மட்டும் படிப்பவருக்கு இது பெரும்பாலும் பிடிபடாது. எதிர்த்து எழுதிய இரண்டு நீதிபதிகளையும் விடாமல் படியுங்கள். தேர்வில் வரும் கற்பனை வழக்குக்கு எதிர்வாதம் எழுதச் சரக்கு அங்கேதான் இருக்கிறது.