ஆலா முட்டையிட்ட மணலில் நடக்கும்போது

பங்குனி பிறந்து, களப்பு வற்றி, வெள்ளை மணல் திட்டுகள் வெளியே தெரியத் தொடங்கினால் நான் சவுக்கங்காட்டைச் சுற்றித்தான் மீன்வாடிக்குப் போவேன். நேர்வழி திட்டைக் குறுக்கறுத்துப் போகிறது. ஆலா, உப்புக்கொத்தி என்ற கரைப் பறவைகள் முட்டையிடுவது அங்கேதான். கூடு என்று ஒன்றும் இராது. காலால் கீறிய சின்னக் குழி, நாலு சிப்பித் துண்டு, மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாது. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை இந்தக் கரையில் நடக்கிற எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முட்டையைத் தேடி அலைய வேண்டாம், பறவையைக் கவனியுங்கள். ஆலா தலைக்கு மேலே வந்து கத்தும், பாயும். உப்புக்கொத்தி சத்தமில்லாமல் எழுந்து ஓடி, தள்ளி நின்று பார்க்கும். மிகவும் நெருங்கிவிட்டால் இறக்கை முறிந்தது போல மணலில் இழுபடும். பிள்ளைகள் அதைப் பிடிக்கப் பின்னால் ஓடுவார்கள். சின்ன வயதில் நானும் ஓடியிருக்கிறேன். அப்படிக் கண்டால் அசையாமல் நின்று, காலடியைச் சுற்றிப் பார்த்து, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்புங்கள்.

உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பறவை எழுந்துவிட்டால் சுடுமணலில் முட்டை கெட்டுவிடும். உப்புக்கொத்தி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையின் மேல் உட்காரும், அவ்வளவு சூடு. பார்க்க விரும்பினால் விடியற்காலையில், ஐம்பது மீற்றர் தள்ளி, சவுக்கு நிழலில் உட்கார்ந்து பாருங்கள்.

அடையாளம் வைப்பதில் முதல் வருடம் நான் பெரிய பிழை விட்டேன். முட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சவுக்குக் கம்பை நட்டேன். காகம் அதில் வந்து உட்கார்ந்தது. பின்னேரம் போனபோது குழி மட்டும்தான் கிடந்தது. இன்றைக்கும் அது மனதை அரிக்கிறது. கம்பு நடுவதானால் இருபது அடி தள்ளி, முழங்கால் உயரத்துக்குள் நட்டு, வலைக் கயிற்றுத் துண்டைக் கட்டுங்கள். சிவப்பு நாடா மட்டும் வேண்டாம். வன்னியில் சிவப்பு என்றால் கண்ணிவெடி. ஒரு அம்மா அதைக் கண்டு நடுங்கி நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு நீலக் கயிறுதான்.

கரைவலைக்காரரோடு கதைக்காமல் ஒன்றும் நடக்காது. வலையை உழவு இயந்திரத்தால் இழுக்கிற இடத்தில் சில்லு ஒரு தடவை உருண்டால் போதும், முட்டை நொறுங்கிவிடும். வலைக்குச் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டியிடம் போனேன்.

"முட்டைக்காகத் தொழிலை நிப்பாட்டச் சொல்லுறீரோ தம்பி?"

"இல்லை அண்ணை, மெசின் ஈர மணலோடு போனால் போதும்."

அடுத்த நாள் அவரே சாரதியிடம் சொல்லிவிட்டார். கழிவு மீனைப் புதைக்கும்படியும் கேளுங்கள். காகமும் நாயும் அதற்குத்தான் திட்டுக்கு வருகின்றன.

அப்புறம், சவுக்கு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு காற்றையும் அலையையும் தடுக்க நட்டவை நிறைய. நிற்பதை வெட்டச் சொல்லவில்லை. ஆனால் சவுக்கஞ்சருகு மெத்தையாகப் படிந்த இடத்தில் அடம்பன் கொடி படருவதே அரிது, ஆலா எப்படி முட்டையிடும்? உயரக் கொப்பில் காகம் வேறு காவல் இருக்கும். மரம் நட வருபவர்கள் "சும்மாதானே கிடக்கிறது" என்று திட்டைக் காட்டுவார்கள். இந்தப் பறவைகளுக்கு அந்த வெறும் மணல்தான் காடு என்று சொல்லி, களப்போரச் சேற்றுக்குக் கூட்டிப்போய், சேற்றில் வளரும் கண்டல் மரத்தை நடச் சொல்லுங்கள்.

உப்புக்கொத்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு வகையைத் தனி இனம் என்று 2023 இல் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தி, அனுமன் பெயரைச் சூட்டினார்கள். அந்த ஆய்வுக்கு நம் மன்னார்க் கரையும் களமாக இருந்தது.

உப்புக்கொத்தி பொரித்துவிட்டது என்று கம்பை உடனே பிடுங்க வேண்டாம். குஞ்சு சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கும், பறக்கப் பல நாள் ஆகும். பயந்தால் சில்லுத் தடத்துப் பள்ளத்தில்தான் பதுங்கும். அடுத்த வண்டியும் அதே தடத்தில்தான் வரும். அதனால் பின்னேரம், பள்ளத்துக்குள் குஞ்சு இல்லை என்று பார்த்துவிட்டு, தடங்களைக் காலால் மணல் தள்ளி மூடிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறேன்.