பழைய ரெக்கார்டு சேஞ்சரில் ‘ரிப்பீட்’டைச் சரிசெய்வது

அடுக்கிய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பாடும் கருவிதான் ஆட்டோ சேஞ்சர். 1950, 60களில் வந்தவை பலவற்றில் ‘ரிப்பீட்’ என்று தனிப் பொத்தான் கிடையாது. அடுக்கி வைத்த தட்டுகள் ஆடாமல் மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு ‘பிடிகை’ இருக்குமே, அதைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பி விட்டால் போதும். கடைசித் தட்டு முடிந்ததும் டோன் ஆர்ம், அதாவது முள்ளைத் தாங்கும் கை, எழுந்து, வெளியே போய், மறுபடி அதே தட்டின் தொடக்கத்தில் இறங்கும். நீங்களாக நிறுத்தும்வரை பாடிக்கொண்டே இருக்கும். பிரிட்டனின் பி.எஸ்.ஆர். நிறுவனத்தின் யு.ஏ. வரிசைதான் இங்கே எடுத்துக்கொண்ட உதாரணம். பிடிகை உள்ள மற்ற பிரிட்டிஷ் சேஞ்சர்களும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. லீவர்களின் வடிவமும் இடமும் மட்டும் மாறும்.

எதையும் கழற்றுவதற்கு முன் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பழுது அதிலேயே பிடிபட்டுவிடும்.

மூன்று கேள்விகள்

பாட்டு முடிந்ததா? கையை எங்கே இறக்குவது? இன்னும் தட்டு இருக்கிறதா? சேஞ்சருக்குத் தெரிய வேண்டியது இந்த மூன்றுதான்.

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது ‘ட்ரிப்’. பாட்டுப் பள்ளத்தில் ஓடும்போது முள் உள்நோக்கி நகர்வது மிக மெதுவாக. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய ‘78’ தட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர், 33⅓ சுற்று ஓடும் எல்.பி.யில் 0.1 மி.மீ. அளவுதான். பாட்டு முடிந்து வெளியேறும் பள்ளத்துக்குள் போனதும் ஒரே சுற்றில் பல மில்லிமீட்டர் பாய்கிறது. ட்ரிப் கவனிப்பது இந்த வேக வித்தியாசத்தை. டோன் ஆர்மின் அடியிலிருந்து வரும் லீவர், உராய்வுப் பிடிப்பு ஒன்றின் வழியாக, கேம் சக்கரத்தின் (தன் சுற்றால் லீவர்களை நகர்த்தும் பல்சக்கரம்) மேலிருக்கும் சின்ன நாக்கைத் தள்ளுகிறது. தட்டைத் தாங்கிச் சுழலும் பிளாட்டரின் நடுக்குழலில் ஒரு மேடு உண்டு. நாக்கு மெல்ல வந்தால், சுற்றுக்கு ஒருமுறை அந்த மேடு அதைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். நாக்கு பாய்ந்து வந்தால் மேடு அதில் மாட்டிக்கொண்டு கேம் சக்கரத்தையே இழுத்துவிடும். கேம் சக்கரத்தில் ஓரிடத்தில் பல் இருக்காது. ஓய்வில் இருக்கும்போது அந்தப் பொக்கைதான் பிளாட்டரின் சின்னப் பல்சக்கரத்தைப் பார்த்து நிற்கும். ட்ரிப் இழுத்ததும் பல்லோடு பல் கோத்து, சக்கரம் ஒரு முழுச் சுற்று போகும். தூக்குவது, வெளியே கொண்டுபோவது, தட்டைத் தள்ளிவிடுவது, இறக்குவது எல்லாம் அந்த ஒரே சுற்றுக்குள் முடிந்துவிடும்.

சக்தி முழுக்கப் பிளாட்டரிலிருந்து வருவதால், 78-இல் பிடிக்கும் நேரத்தைப்போல 33⅓-இல் ஏறக்குறைய 2.3 மடங்கு பிடிக்கும். எல்.பி.யில் கை மெதுவாக நகர்கிறதே என்று பதற வேண்டாம்.

இரண்டாவது கேள்வியைக் கடைசியில், ‘இறங்கும் இடம்’ பகுதியில் பார்ப்போம். மூன்றாவது கேள்விக்குப் பதில் பிடிகையின் தண்டில். தண்டு மேலேயே நின்றால் ‘இன்னும் இருக்கிறது’ என்று பொருள். கடைசித் தட்டு விழுந்து தண்டு முழுக்கக் கீழே இறங்கினால், அடியில் ஒரு லீவர் நகர்ந்து, அடுத்த சுற்றின் முடிவில் மோட்டாரை அணைக்கச் சொல்லும். பிடிகையைத் தூக்கி ஒதுக்கிவிட்டால் தண்டு இறங்கவே இறங்காது. இயந்திரம் இல்லாத தட்டுக்காகக் காத்திருந்து, இருப்பதையே பாடும். ரிப்பீட் என்பது ஏமாற்று வேலைதான், ஆனால் அழகான ஏமாற்று.

கழற்றும் முன்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. அந்தக் காலத்து ரப்பர் உறை போட்ட வயர் பெரும்பாலும் நொறுங்கும் நிலையில் இருக்கும், அதை முதலில் மாற்றிவிடுங்கள். ஏ.சி./டி.சி. இரண்டிலும் ஓடும் ரேடியோகிராம் (ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் சேர்ந்த பெட்டி) என்றால் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் இருக்கலாம். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அதில் வேண்டாம்.

டோன் ஆர்மைத் தாங்கியில் வைத்துக் கட்டுங்கள், முள்ளுக்கு உறை போடுங்கள். பிறகு கையாலேயே ஒரு சோதனை. குமிழை ‘ரிஜெக்ட்’ (பாட்டு முடியக் காத்திராமல் மாற்றும் சுற்றைத் தொடங்கும் நிலை) பக்கம் தள்ளி, பிளாட்டரைக் கடிகாரத் திசையில் மெல்லச் சுற்றுங்கள் (ஆர்மின் கட்டை இதற்கு மட்டும் அவிழ்த்துக்கொள்ளலாம்). சுற்று முழுக்க இடறாமல் முடிகிறதா, எந்த இடத்தில் கனக்கிறது என்று விரலுக்குத் தெரியும். எதிர்த் திசையில் சுற்றாதீர்கள், நாக்கு வளைந்துவிடும். சுற்று நடக்கும்போது டோன் ஆர்மைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ‘கை தப்பான இடத்தில் இறங்குகிறது’ என்று வரும் சேஞ்சர்களில் பல, யாரோ அவசரத்தில் பிடித்து இழுத்தவைதான்.

பிளாட்டரைக் கழற்ற நடுவில் உள்ள கிளிப்பை எடுக்க வேண்டும். எடுக்கும்போது ஒரு கையால் மூடிக்கொள்ளுங்கள், துள்ளிப் போய்விடும். பிளாட்டருக்கு அடியில் வாஷர், குண்டுகள் உள்ள வளையம், மறுபடி வாஷர் என்று வரிசை இருக்கும். அந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் பிளாட்டரின் உயரம் மாறும், மேடும் நாக்கும் சந்திக்காது.

எண்ணெய் எங்கே, எங்கே கூடாது

தொழிற்சாலையில் தடவிய கிரீஸ் இந்நேரம் பழுப்பு மெழுகாக இறுகியிருக்கும். அதன் மேல் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும். சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சாலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் முழுக்க எடுத்துவிட வேண்டும்.

கேம் சக்கரத்தின் அடிப்பக்கத் தடத்திலும் பற்களிலும் லித்தியம் கிரீஸ், கண்ணுக்குத் தெரிகிற அளவு மெல்லியதாக. லீவர்கள் சுழலும் முனைகளில் குண்டூசி நுனியால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மோட்டாரின் மேல் கீழ் பேரிங்குகளில் இரண்டு சொட்டு, சற்றுக் கெட்டியான மோட்டார் எண்ணெய். நிறுத்திக்கொள்ளுங்கள்.

ட்ரிப் நாக்குக்கும் அதன் உராய்வுப் பிடிப்புக்கும் எதுவுமே வேண்டாம். கழுவி, உலர்த்தி, அப்படியே விடுங்கள். இந்த இடம் காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். நாக்கு சுழலும் முனை இறுகியிருந்தால் அது நகராது; பாட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் ‘சர்ர் சர்ர்’ என்று சுற்றிக்கொண்டே கிடக்கும். உராய்வுப் பிடிப்பில் எண்ணெய் ஏறி வழுக்கினாலும் அதே கதைதான், ஏனென்றால் லீவர் நகர்ந்தாலும் நாக்கு கூட வராது. பிடிப்பு பிசினாகி இறுகினால் கோளாறு வேறு மாதிரி வரும். மேடு நாக்கைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்த உதை டோன் ஆர்மையே தள்ளும். தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும், சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ கேட்கும். சில சமயம் முள் பின்னுக்குத் தாவும். தட்டில் கீறல் என்று நினைத்துத் தட்டையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கடைசி இரண்டு செ.மீ. பகுதியில் மட்டும் டிக் வந்தால் ட்ரிப்பைப் பாருங்கள்.

கழுவிய பின் சோதிக்க, நாக்கை விரல் நுனியால் தள்ளி விடுங்கள். சட்டம் மட்டமாக இருக்கும்போது, ஊதினால் அசைகிற அளவுக்கு அது லேசாக இருக்க வேண்டும். கேம் சக்கரத்தைக் கழற்றியிருந்தால், பொக்கைப் பக்கம் நடுத் தண்டைப் பார்க்கும்படி திரும்ப மாட்டுங்கள். வேறு நிலையில் மாட்டினால் பிளாட்டரைப் போட்டதுமே பல்லோடு பல் மோதும்.

பிடிகைத் தண்டு

ரிப்பீட் மட்டும் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் பழுது இங்கேதான். பிடிகையை ஒதுக்கி வைத்தும் ஒரு பாட்டோடு அணைந்துவிட்டால், அடியிலுள்ள ‘கடைசித் தட்டு’ லீவர் அணைக்கும் நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்ப இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் கழன்றிருக்கலாம், அல்லது நீண்டு தளர்ந்திருக்கலாம். லீவரின் முனையைக் கழுவி, ஸ்பிரிங் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்டைத் தூக்கும்போதும் விடும்போதும் லீவர் அதனோடு தயங்காமல் போய்வர வேண்டும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் வரும். பிடிகை உள்ளே, தட்டின் மேல் இருந்தும் இயந்திரம் அணையாமல் திரும்பத் திரும்பப் பாடும். கேட்காமலே வந்த ரிப்பீட் அது. தண்டு தன் குழாயில் இறுகி முழுக்கக் கீழே இறங்கவில்லை என்று பொருள். தண்டை உருவி, துருவை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, குழாயின் உள்ளே ஆல்கஹால் பஞ்சை விட்டுத் துடையுங்கள். தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து மறுபடி இறுகும்.

நடுவழியில் நின்றால்

பாடும்போது சரியாக ஓடி, கை எழும் நேரத்தில் பிளாட்டர் தயங்கினாலோ நின்றாலோ, மோட்டாரின் சுழற்சியைப் பிளாட்டருக்குக் கடத்தும் ஐட்லர் சக்கரம் வழுக்குகிறது. அதன் ரப்பர் விளிம்பையும், பிளாட்டரின் உள் விளிம்பையும், மோட்டார் கப்பியின் படிகளையும் ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் பளபளத்தால் நைஸான உப்புத்தாளால் ஒரு சுற்று தேய்க்கலாம். ரப்பர் கல்லாகிப் போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. துடைத்தும் நிற்கிறதென்றால் கேம் தடத்தில் கிரீஸ் மிச்சம் இருக்கிறது. கையால் சுற்றிக் கனமான இடத்தைத் தேடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரமென்றால் கப்பி 60 ஹெர்ட்ஸுக்கானது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ என்பது ஏறக்குறைய 27.8 ஆகக் குறையும், பாட்டு இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் கப்பி தேடிப் போட வேண்டும்.

இறங்கும் இடம்

ரிப்பீட்டில் கை எத்தனையோ முறை இறங்கப்போகிறது. ஒவ்வொரு முறையும் தட்டின் ஓரத்துக்கும் பாட்டின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள குறுகிய வெற்றுப் பட்டையில் இறங்க வேண்டும். 12 அங்குல எல்.பி.யில் மையத்திலிருந்து 147 முதல் 149 மி.மீ.க்குள், 7 அங்குலத் தட்டில் 85 முதல் 86 மி.மீ.க்குள். சரிசெய்யும் திருகு டோன் ஆர்மின் அடிப்பாகத்தில் இருக்கும். கால் சுற்று திருப்பி, ஒரு முழுச் சுற்று ஓட விட்டுப் பாருங்கள். 7 அங்குலத்துக்குச் சரியாக வைத்தால் மற்ற அளவுகளும் சேர்ந்து சரியாகும். ஆகவில்லை என்றால் அளவு பார்க்கும் லீவர் வளைந்திருக்கிறது.

விழும் தட்டு இடிப்பதை வைத்து அளவைக் கண்டுபிடிக்கும் மாடல்களில் ஒரு சங்கடம் உண்டு. ரிப்பீட்டில் எதுவும் விழாது, அதனால் அந்த இடியும் கிடையாது. பெரிய தட்டின் நடுவில், 7 அங்குல இடத்தில் கை இறங்கினால் அதைப் பழுது என்று எண்ணித் திருகாதீர்கள். அமைப்பே அப்படி. அளவைக் கையால் தேர்ந்தெடுக்கும் மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை.

இறங்கியதும் வழுக்கி உள்ளே ஓடினால் முதலில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பெட்டி சாய்ந்திருந்தாலே போதும். அடுத்தது முள்ளின் அழுத்தம். அந்தக் காலத்து கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்களுக்கு (முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) 6 முதல் 10 கிராம் வேண்டும். தட்டு தேயுமே என்று இதை இரண்டு கிராமுக்குக் குறைத்தால், ட்ரிப் லீவரைத் தள்ளும் வலு முள்ளுக்கு இருக்காது; பள்ளத்தை விட்டுத் தாவிவிடும்.

ஓட்டும்போது

மூன்று நிமிடத் தட்டு ஒன்றை எட்டு மணி நேரம் ரிப்பீட்டில் விட்டால் சுமார் 150 தடவை பாடும். சபையர் முள்ளின் ஆயுள் ஏறக்குறைய 40, 50 மணி நேரம்தான், அதனால் ஒரு வாரத்துக்குள் முள்ளை மாற்ற வேண்டியிருக்கும். வைரமுனை போடுங்கள். 78 தட்டுக்கு 78 முள்ளையே திருப்பி வைக்க மறக்காதீர்கள், எல்.பி. முள் அந்த அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரக்கும், ட்ரிப்பையும் ஒழுங்காகத் தள்ளாது.

மிகப் பழைய 78 தட்டுகள் பலவற்றில் வெளியேறும் பள்ளமே கிடையாது. பாட்டு முடிந்த இடத்தில் முள் சும்மா நின்று சுற்றும். வேக வித்தியாசமே இல்லாதபோது ட்ரிப்பால் என்ன செய்ய முடியும்? அவற்றை ரிப்பீட்டில் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். மையம் விலகிய வட்டமாக வெளியேறும் பள்ளம் உள்ளவை பிரச்சினை தராது. முள் உள்ளே ஆடும் வேகத்திலேயே ட்ரிப் பிடித்துக்கொள்ளும்.

நிறுத்தும்போது இயந்திரத்தின் குமிழாலேயே நிறுத்துங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் ஐட்லர் கப்பியோடு அழுந்தியபடியே நிற்கும். சில வாரம் அப்படிக் கிடந்தால் ரப்பரில் பள்ளம் விழுந்து, ஒவ்வொரு பாட்டின் பின்னணியிலும் ‘தொம் தொம்’ என்று கேட்கும். மேலோட்டமான பள்ளமென்றால் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டால் மறையக்கூடும். ஆழமாக விழுந்துவிட்டால் புது ஐட்லர்தான்.