பார்வை நூலில் தொடங்கும் உயிரியல் ஆய்வு: சறுக்கும் இடங்கள்

பக்க எண்ணை விடுவது, நூற்பெயரைப் பிழையாக எழுதுவது எல்லாம் வழிகாட்டியே திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை கீழே.

நூலில் கண்ட பெயரை மட்டும் வைத்துத் தேடுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தலைவலி இது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு சொலானம் லைக்கோபெர்சிகம் என்று பெயரிட்டார். 1768-இல் மில்லர் லைக்கோபெர்சிகான் எஸ்குலெண்டம் என்றார். டி.என்.ஏ. சான்றுகள் வந்தபின் தக்காளி மறுபடி சொலானம் என்ற பேரினத்துக்கே திரும்பிவிட்டது. பழைய பார்வை நூல்கள் பலவற்றில் இருப்பதோ மில்லரின் பெயர். அதை அப்படியே தேடுபெட்டியில் இட்டால் பழைய கட்டுரைகள் கொட்டும். அண்மைக்கால மரபணு ஆய்வுகளில் பெரும்பகுதி கண்ணில் படாது. கொட்டுவதே நிறைய என்பதால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற சந்தேகமும் வராது. வில்லங்கமே அங்கேதான். புதுப் பெயரை மட்டும் இட்டால் பழையவை போய்விடும். இணைப்பெயரை, அதாவது ஒரே உயிரினத்துக்கு வைக்கப்பட்ட வேறு அறிவியல் பெயரை, தானே சேர்த்துத் தேடித் தரும் தளங்கள் உண்டு, ஆனால் எல்லாத் தளமும் அப்படியல்ல.

தாவரமானால் கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்திலும், விலங்கானால் கேட்டலாக் ஆஃப் லைஃப் என்ற தரவுத்தளத்திலும் பெயரை இட்டுப் பாருங்கள். ஏற்கப்பட்ட பெயரும் இணைப்பெயர்களும் வரும். ஒவ்வொன்றையும் மேற்கோள்குறிக்குள் வைத்து, நடுவே 'ஆர்' (OR) போட்டு ஒரே தேடலாக நடத்துங்கள். பெயருக்குப் பின்னால் நிற்கும் ஆசிரியர் சுருக்கத்தையும் (பெயரிட்டவரின் பெயர்ச் சுருக்கம்) குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரே பெயரை இருவர் வெவ்வேறு செடிக்கு வைத்திருந்தால் அந்தச் சுருக்கம்தான் பிரித்துக் காட்டும்.

மறுஅச்சைப் புதுப் பதிப்பென்று நம்புவது

மறுஅச்சில் ஆண்டு புதிதாக இருந்தாலும் உள்ளடக்கம் பழையதுதான். அத்தியாய இறுதி நூற்பட்டியலில் மிகப் பிந்திய ஆண்டு எதுவென்று பாருங்கள். அதுதான் அந்த அத்தியாயத்தின் உண்மை வயது.

எண்ணை மூலக் கட்டுரை பார்க்காமல் எடுப்பது

மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று 1923-இல் பெயின்டர் அறிவித்தார். 1956-இல் ஜியோவும் லெவானும் 46 என்று காட்டும்வரை பாடநூல்கள் 48 என்றே எழுதிவந்தன. ஐந்து நூல் ஒத்துப்போனாலும் ஐந்தும் ஒரே கட்டுரையைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள்.

முதல் பக்கத்திலிருந்து படிப்பது

வேண்டாம். சொல்லடைவில் தொடங்குங்கள்.

அடையாளத் திறவுகோலின் எல்லையைப் பார்க்காதது

திறவுகோல் என்பது படிப்படியாக இரண்டு கிளைகளில் ஒன்றைத் தேர்ந்து உயிரினத்தின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல். ஒரு வட்டாரத்துக்கென எழுதிய திறவுகோல், உங்கள் பூச்சி அதில் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு பெயரில்தான் கொண்டுபோய் நிறுத்தும். 'இல்லை' என்று சொல்லவே சொல்லாது. கடந்துவந்த படிகளை 3-அ, 7-ஆ என்று குறித்துக்கொண்டே போங்கள். கடைசியில் வந்த இனத்தின் முழு விவரிப்போடு மாதிரியை ஒப்பிடுங்கள். காலின் முள் எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், ஐயம் வந்த படிக்குத் திரும்பி மறு கிளையில் நடந்து பாருங்கள்.