காங்கோவில் முதல் தாளம்: வேலை முழுக்க இடது கைக்குத்தான்

மெல்லிசைக் கச்சேரி மேடையில் ஓரமாக, இடுப்பளவு உயரத்தில் பீப்பாய் மாதிரி நிற்குமே, அந்த மேளம்தான் காங்கோ. சொந்த ஊர் கியூபா. ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் மேளங்களிலிருந்து அங்கே உருவானது. உள்ளூரில் தும்பதோரா என்பார்கள். சின்னது கீன்தோ, நடுவிலிருப்பது காங்கா, பெரியது தும்பா. கற்றுக்கொள்ள நடு அளவில் ஒன்று போதும், ஜோடியாக வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். மேளத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்து லேசாக முன்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள், அடிப்பக்க வாய் தரையை ஒட்டி அடைத்துக்கொண்டால் கனத்த சத்தம் வெளியே வராது.

முதலில் திறந்த அடி. விரல்களைச் சேர்த்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மேடு விளிம்பில் படுகிற மாதிரி அடித்து, சூடான தோசைக்கல்லைத் தொட்டவர் போல உடனே கையை எடுத்துவிடுங்கள். "தும்" என்று மணி மாதிரி நின்று ஒலித்தால் சரி. அப்புறம் அறை அடி: கையைக் கொஞ்சம் குழித்து, விரல் நுனிகள் மட்டும் தோலில் சுளீரென்று பட வேண்டும். இதுதான் எல்லோரையும் படுத்தும். நான் பலத்தால் சாதிக்கலாம் என்று ஒரு வாரம் ஓங்கி ஓங்கி அடித்து, கை வீங்கி, சோறு பிசையக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் மணிக்கட்டு தளர்வதில்தான் வருகிறது, அதனால் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, யாரும் கவனிக்காத ஆனால் காங்கோவின் உயிரே இருக்கிற அசைவு. இடது கையைத் தோலின் மேல் படுக்க வைத்து, அடிக்கை (மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கைப் பகுதி) ஒருமுறை, விரல்கள் ஒருமுறை என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. சத்தம் அநேகமாகக் கேட்காது, கேட்கவும் வேண்டாம்.

இப்போது தும்பாவ். சல்சா என்கிற லத்தீன் நடன இசையில் ஓயாமல் ஓடுகிற அடிப்படைத் தாளம் இது, மொத்தம் எட்டு அடி. நம் வழக்கப்படி வாயால் சொல்லிப் பழகிவிடலாம், சொற்கட்டு நானே போட்டது:

த கி டா கி | த கி தும் தும்

"த" இடது அடிக்கை, "கி" இடது விரல்கள், "டா" வலது கை அறை, "தும் தும்" வலது கை திறந்த அடி. எண்ணிப் பாருங்கள், எட்டில் ஐந்து இடது கையுடையது! "டா" அடிக்கும்போது இடது கை தோலிலேயே கிடக்கட்டும், அறை சுலபமாக வரும். "தும் தும்" வரும்போது மட்டும் இடது கையைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் நாதம் அமுங்கிப்போகும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, வாயும் கையும் சேர்ந்தே ஓடுகிற வரை வேகத்தைத் தொடாதீர்கள். தோல் மேளமானால் வாசித்து முடித்ததும் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

கை ஓய்ந்ததா, காலுக்கு வருவோம். காங்கோ என்ற பெயரில் நடனமும் உண்டு. கியூபாவின் சாந்தியாகோ தே கூபா நகரத்தில் ஜூலை மாதத் திருவிழாவில் மேளக்காரர்களுக்குப் பின்னால் ஊரே காலைத் தேய்த்துக்கொண்டு நகரும், லாரி பிரேக் டிரம்மைக்கூடக் கம்பியால் தட்டுவார்கள். அதே ஊரில் பிறந்த இசைக்கலைஞரும் நடிகருமான தேசி அர்னாஸ் 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் பிரபலமாக்கியதுதான் கல்யாண வீடுகளில் ரயில் விடுகிற அந்த வரிசை.

முன்னால் இருப்பவரின் தோளையோ இடுப்பையோ பிடித்துக்கொண்டு, பாதத்தை அதிகம் தூக்காமல் வலது, இடது, வலது என மூன்று அடி. நான்காவதுக்கு இடது காலால் ஒரு உதை. அடுத்த முறை இடதில் தொடங்கினால் உதை வலதுக்குப் போகும். ரகசியம் என்னவென்றால், உதை நான்காவது எண்ணிக்கைக்கு ஒரு துளி முந்தி விழ வேண்டும், சரியாக நான்கில் உதைத்தால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். உதையைப் பக்கவாட்டில் விடுங்கள், நேராக விட்டால் முன்னால் போகிற சித்தப்பா வேட்டியோடு விழுவார்.