மறுபடி அனுப்பச் சொல்வதற்கு முன்

தம்பு செட்டித் தெருவில் 19 ஆண்டுகளாகத் தட்டச்சு, டிடிபி கடை வைத்திருக்கிறேன். உயர் நீதிமன்றம் கூப்பிடு தூரம் என்பதால் காலை ஒன்பது மணிக்கே வழக்கறிஞர்கள் வந்து நிற்பார்கள். பத்தரைக்குள் பிரிண்ட் கையில் இருக்க வேண்டும். போன மாதம் ஓர் இளம் வழக்கறிஞர் கைப்பேசியை நீட்டினார். "அக்கா, ஒப்பந்த நகல் வந்திருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது. மூன்று முறை அனுப்பச் சொல்லிவிட்டேன்." மூன்று அஞ்சல்களிலும் ஒரே இணைப்பு: வின்மெயில்.டாட்.

முப்பது முறை அனுப்பியிருந்தாலும் அதுவேதான் வந்திருக்கும். அனுப்புகிற முறை மாறாமல் வருகிற பொருள் மாறாது. பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது மறுபடி கேட்பதுதான். அரை மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. கோலம் எங்கே கலைந்தது என்று முதலில் பாருங்கள்: அனுப்பியவரின் கணினியிலா, வழியிலா, உங்கள் கணினியிலா? மருந்து அதைப் பொறுத்தது.

வின்மெயில்.டாட் என்றால் அனுப்பியவர் மைக்ரோசாஃப்டின் அஞ்சல் செயலியான அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் எழுதியிருக்கிறார். அவுட்லுக் எழுத்தலங்காரத்தையும் இணைப்பையும் சேர்த்து டிஎன்இஎஃப் என்ற ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. அந்த மூட்டையை அவிழ்க்க வேறு அஞ்சல் செயலிகள் பலவற்றுக்குத் தெரியாது. உங்கள் ஒப்பந்தம் உள்ளே பத்திரமாகவே இருக்கும். அனுப்பியவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில் என்று போய் அஞ்சல் வடிவத்தை எச்டிஎம்எல் என்று மாற்றுங்கள், பெறுநர் கட்டத்தில் தானாக வந்து விழும் என் முகவரியை அழித்துவிட்டு, புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். இரண்டாவது வேண்டுகோளை விட்டுவிடாதீர்கள். சில வேளைகளில் அந்தப் பழைய முகவரிப் பதிவே ரிச் டெக்ஸ்டைப் பிடித்து வைத்திருக்கும். அன்று ஒப்பந்தத்தை அனுப்பிய கட்சிக்காரரிடம் தொலைபேசியில் நானே பேசினேன். நான்காவது அஞ்சலில் ஒழுங்கான பிடிஎஃப் வந்தது.

மூட்டையை அவிழ்த்துத் தருகிறோம் என்று சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. பிரமாணப் பத்திரம், மருத்துவ அறிக்கை, ஆதார் நகல் போன்றவற்றை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். இன்னொருவரின் ரகசியத்தை முன்பின் தெரியாத கணினிக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

அடுத்தது பெயரே இல்லாமல் வருவது. ஜிமெயிலில் 'நோநேம்' என்றும், வேறு இடங்களில் ஏடிடி என்று தொடங்கி சுழிகளும் ஓர் எண்ணுமாகவும் தெரியும். கைப்பேசியில் மல்லுக்கட்டாமல் கணினியில் இறக்குங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலிலேயே வேலை செய்யுங்கள். கோப்பின் பின்னொட்டை, அதாவது பெயரின் முடிவில் புள்ளிக்குப் பிறகு வரும் வகைக் குறியை, விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். கோப்புறையின் 'வியூ' பட்டியலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் புரியாத குறிகளாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

விழுக்காட்டுக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப்தான். பெயரின் முடிவில் புள்ளி வைத்துப் பின்னொட்டைச் சேர்த்தால் திறந்துவிடும். தொடக்கத்துக்கு அருகில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று இருந்தால் ஜேபெக் படம். பெரிய எழுத்தில் பி, கே என்று தொடங்கினால் அது ஜிப் வகை. 1989-இல் அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. இன்றைய வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப்தான். ஆகவே முதலில் ஜிப் என்று பின்னொட்டு கொடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள். 'வேர்ட்' என்ற கோப்புறை இருந்தால் டாக்எக்ஸ், 'எக்ஸ்எல்' இருந்தால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று பின்னொட்டை மாற்றிவிடலாம். எம், இசட் என்று தொடங்கினால் அது இயங்கக்கூடிய நிரல். யார் அனுப்பியிருந்தாலும் அழித்துவிடுங்கள்.

சில கோப்புகளில் இடைவெளியே இல்லாமல், ஒரே நீள வரிகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சுவர்போல எழும்பியிருக்கும். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது வெறும் ஆங்கில எழுத்துக்குத்தான் அதில் வழி இருந்தது. படமும் ஆவணமும் போவதற்கு 1992-இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற முறையை வகுத்தார்கள். அதில் உள்ள பேஸ்64 என்ற குறிமுறை, கோப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் (பைட் என்பது கணினித் தரவின் சிறு அலகு) நான்கு எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. வந்து சேர்ந்ததும் செயலி திரும்ப மாற்ற வேண்டும். மாற்றத் தவறினால் உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சுவர். ஜே, வி, பி, இ, ஆர் என்று தொடங்கும் சுவருக்குள் இருப்பது பிடிஎஃப். இதற்கு எனக்குக் கைகொடுப்பது தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் செயலி: ஜிமெயிலில் அஞ்சலின் மூன்று புள்ளிகளைத் தொட்டு மூல அஞ்சலை அப்படியே இறக்கி, அதைத் தண்டர்பேர்டில் திறக்கிறேன். பெரும்பாலும் இணைப்பு பெயரோடு வந்துவிடுகிறது.

இணைப்பு ஏன் பெயரைத் தொலைக்கிறது? நம் ஊரில் எனக்குத் தெரிந்த பெரிய காரணம் தமிழ்ப் பெயர். 'வக்காலத்து' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுமுறையான யுனிகோடில் புள்ளி, கால், உகரக் கொக்கி எல்லாம் தனித்தனி எண்களாதலால் மொத்தம் 10. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 30. அஞ்சலின் தலைப்பகுதியில் விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது 90 எழுத்தாக நீண்டு, ஒரு வரியில் அடங்காமல் துண்டாகிறது. துண்டுகளை ஒட்டத் தெரியாத செயலி பெயரையே உதறிவிடுகிறது. பெயர் வந்தும் ஆங்கில ஏ தலையில் சாய்கோட்டோடும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தோடும் மாறி மாறித் தெரிந்தால், தமிழை ஐரோப்பிய எழுத்தாக எண்ணிப் படித்திருக்கிறது என்று பொருள். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரை மாற்றித் திறங்கள். தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு, என் கணினி முழுக்க அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நீதிமன்ற வேலையாக வெளியே போகும் கோப்புக்கு வழக்கு எண்ணையும் ஆண்டையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துத்தான் அனுப்புகிறேன்.

பெயர் சரி, கோப்பும் திறக்கிறது, உள்ளே மட்டும் ஆங்கிலக் கிறுக்கல் என்றால் அஞ்சலைக் குறை சொல்லாதீர்கள். 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தால் அது பாமினி எழுத்துரு: ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய பழைய வகை. வானவில் எழுத்துருவில் அடித்த கோப்புகளும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் குழம்பும். தமிழக அரசு 2010-இலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பழைய மனுக்களை மாதிரியாக வைத்து மேலேயே அடிப்பதால் இந்த எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. படித்தால் போதும் என்றால் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாகக் கேளுங்கள். திருத்த வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு பெயர், தேதி, சர்வே எண் ஆகியவற்றை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எழுத்துரு மாற்றி ஊடே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும்.

இவை எதுவும் உதவவில்லை என்றால் அனுப்பியவரிடம் கோப்பின் அளவைக் கேளுங்கள். அவரிடம் 4 எம்பி, உங்களிடம் 1 எம்பி என்றால் வழியில் அறுந்திருக்கிறது. மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியது அப்போதுதான். பேஸ்64 கோப்பை மூன்றில் ஒரு பங்கு ஊதவைப்பதால், ஜிமெயிலின் 25 எம்பி எல்லைக்குள் அடங்க 18 எம்பிக்கு மேல் இணைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேற்பட்டதை கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு முகவரியை அனுப்பட்டும்.