கடவுளுக்குக் கடவுள் ஜோடி சேர்ப்பதில் சறுக்கும் இடங்கள்

இந்திரன் என்றால் ஜீயஸ், எமன் என்றால் ஹேடீஸ், முருகன் என்றால் ஏரீஸ். இப்படி நம் தெய்வங்களைக் கிரேக்கத் தெய்வங்களோடு ஜோடி சேர்க்கும் ஓர் அட்டவணையை எங்காவது பார்த்திருப்பீர்கள். கையில் வேல் இருப்பதை வைத்து முருகனைக் கிரேக்கப் போர்க்கடவுள் ஏரீஸுக்கு ஜோடியாக்கிவிடுகிறார்கள். ஆனால் ஹோமரின் இலியட்டில் ஜீயஸே ஏரீஸைப் பார்த்து, ஒலிம்பஸ் தேவர்களில் நீதான் எனக்கு மிகவும் வெறுப்பானவன் என்கிறான். முருகனோ 'சேயோன் மேய மைவரை உலகம்' என்று தொல்காப்பியம் சொல்லும் குறிஞ்சிக்கு உரியவன். காதல் நோயில் வாடும் பெண்ணுக்காகப் பூசாரியான வேலன் வெறியாடுவதும் அவன் பேரில்தான். ஆயுதத்தை மட்டும் பார்த்தால் இவையெல்லாம் விட்டுப்போகும்.

பழங்காலத்தவரே ஒப்பிட்டிருக்கிறார்களே என்று சான்று காட்டுவது அடுத்த சறுக்கல். சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், இந்தியாவில் கிரேக்க வீரத் தெய்வமான ஹெராக்ளீஸை வணங்குகிறார்கள் என்றார். அவன் மகள் பாண்டையா தென்னாட்டை ஆண்டதாகவும் எழுதினார். பாண்டியர் என்ற பெயர் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த ஹெராக்ளீஸ் கண்ணனா, வேறு தெய்வமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. தெரியாத தெய்வத்துக்குத் தன் ஊர்த் தெய்வத்தின் பெயரைச் சூட்டுவது கிரேக்கரின் வழக்கம்; அது சான்றாகிவிடாது.

அதிகம் தடுமாறுவது வெள்ளக் கதைகளில்தான். 1872-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் பண்டைய மெசொப்பொத்தேமிய நகரமான நினிவேயின் களிமண் பலகை ஒன்றைப் படித்தார். அதில் வெள்ளத்துக்குத் தப்பிய உத்னபிஷ்டிம், வெள்ளம் வடிந்ததா என்று அறிய புறா, தகைவிலான் குருவி, காகம் என வரிசையாகப் பறக்கவிடுகிறான். பைபிளின் நோவா காகத்தையும் புறாவையும் விடுகிறார். வெள்ளம் என்றால் படகு வரும், படகு மலையில் தட்டும். அவை ஒத்துப்போவதில் வியப்பில்லை. பறவையோ கதைக்குக் கட்டாயமே இல்லை. அது இரண்டிலும் வருவதுதான் தொடர்பைக் காட்டும் தடயம்.

வேதகால நூலான சதபத பிராமணத்துக்கு வாருங்கள். காலையில் கைகழுவும் நீரில் மனுவிடம் சிறுமீன் ஒன்று வந்து சேர்கிறது. வளர்ந்தபின் தன் கொம்பில் கட்டிய படகை வடக்கு மலைக்கு இழுத்துப்போகிறது. பறவையே இல்லை. மனிதரின் பாவம் என்றோ, அவர்கள் இரைச்சலால் தூக்கம் கெட்ட மெசொப்பொத்தேமியக் கடவுள் என்லிலின் கோபம் என்றோ காரணமும் இல்லை. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி, 'உலகம் முழுதும் ஒரே பிரளயம்' என்று முடிப்பது அவசரம்.

வானம் தந்தை, பூமி தாய் என்பது உலகப்பொது என்பாரும் உண்டு. எகிப்தில் வானம் நூட் என்னும் பெண், பூமி கெப் என்னும் ஆண்.

எகிப்து என்றதும் காலக் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். ஒசைரிஸை 'இறந்து உயிர்த்த கடவுள்' பட்டியலில் வைப்பார்கள். அவன் பூமிக்குத் திரும்பவில்லை. இறந்தோர் உலகுக்கு அரசனாகிறான். அவன் கதையைத் தொடர்ச்சியாக நமக்குச் சொல்பவர் புளூடார்க் என்ற கிரேக்கர். அவனைக் குறிப்பிடும், பிரமிடுகளின் உட்சுவர்களில் செதுக்கிய பிரமிடு வாசகங்களுக்கு அவர் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். அவர் சொன்னதை எடுத்து 'பண்டைய எகிப்தியர் நம்பினர்' என்று எழுதுமுன், எந்த நூற்றாண்டு எகிப்தியர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.